புகையை எங்கே பிடிப்பது?

ஏர்போர்ட்டை ஒட்டிக் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, சில வருஷங்களில் போகியன்று காலை விமானச் சத்தத்திலிருந்து விடுதலை கிடைத்துவிடுகிறது. 2018 ஜனவரி 13 ஞாபகம் இருக்கிறதா, சகோதரிகளே? பனியும் போகிப் புகையும் ஒன்றாகக் கலந்து, மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை. பல விமானங்கள் ரத்தாயின. இறங்க வந்தவற்றை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். விமானத்தைத் திருப்பிவிடலாம், சரி. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் வீட்டுக்குள் படுத்திருந்த குழந்தைகளை எங்கே திருப்பிவிடுவது?

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு மருமகளுக்கு நாலு வயதில் ஒரு பையன். பனிக்காலம் வந்தாலே அவனுக்கு இழுப்பு. அதனால் போகிக்கு முதல் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பொங்கல் பானை வைக்க வேண்டிய மருமகள் பண்டிகை நாளில் வீட்டில் இல்லையே என்று மாமியாருக்கு மனத்தாங்கல். ஒரு வருஷம் அது வாய் வார்த்தையாகவே வளர்ந்துவிட்டது. "எங்க காலத்துல புகை இல்லையா? விறகு அடுப்பை ஊதி ஊதித்தானே நாலு பிள்ளையை வளர்த்தேன்? அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. மருமகள் பதில் பேசவில்லை.

பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் போகிக்கு எரித்தது கிழிந்த பாய், ஓட்டை முறம், தேய்ந்த துடைப்பம், கொஞ்சம் ஓலை. இப்போது எரிவது டயர், பிளாஸ்டிக் குடம், ரெக்ஸின் பை, ஸ்பாஞ்சு மெத்தை. பி.வி.சி. போன்ற குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின் என்கிற விஷம் உண்டாகிறது. விறகுப் புகை மட்டும் என்ன, நல்லதா? நம் பாட்டிமார்களின் தீராத இருமலுக்கு அந்த அடுப்பும் ஒரு காரணம்தான் என்று டாக்டர்கள் இன்று சொல்கிறார்கள். அப்போது யாரும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று இட்லிப் பானை மூடி மாதிரி கவிழ்ந்திருக்கும். மற்ற வேளையாக இருந்தால் மேலே எழும்பிக் கலைந்து போகிற புகை, அந்த மூடியைத் தாண்ட முடியாமல் தெருவிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் கொளுத்துவது சரியாக அந்த நேரத்தில்! புகையில் இருக்கும் பொடித் துகள்களில் 2.5 மைக்ரானுக்கும் சிறியவைதான் பொல்லாதவை. நம் தலைமுடி ஒன்றின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு, தொண்டை எதுவும் இவற்றைத் தடுப்பதில்லை. நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். குழந்தைகளுக்கு மூச்சுக் குழாய் சிறியது, மூச்சும் நம்மைவிட வேகம். அதனால் அவர்களுக்குக் கஷ்டம் ஜாஸ்தி.

"எரிக்காதீர்கள்" என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷம் தவறாமல் கேட்டுக்கொள்கிறது. போகியன்று சென்னையில் 15 இடங்களில் காற்றை அளந்தும் பார்க்கிறது. எரிக்காதே என்று சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்களா? வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய மெத்தையை வேறு என்னதான் செய்வது என்ற கேள்விக்குப் பதில் வேண்டாமா? சமீப வருஷங்களில் சென்னை மாநகராட்சி செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது அதனால்தான். போகிக்குச் சில நாள் முன்பே டயர், பழைய துணி, பாய், தலையணை எல்லாவற்றையும் எங்கள் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்கள். கையில் பொருளே இல்லை என்றால் எதைக் கொளுத்துவது?

எங்கள் தெருவில் நாங்கள் நாலைந்து பேர் இதையே செய்து பார்த்தோம். முதல் எதிர்ப்பு கோடி வீட்டு மாமியிடமிருந்து வந்தது. "பழசை எரிக்காம போகி என்னடி போகி? சாஸ்திரத்துக்காவது நெருப்பு வேண்டாமா?" என்றார். நியாயம்தானே! வீட்டுக்கு வீடு நெருப்பு வேண்டாம், தெருவுக்கு ஒன்று போதும், அதிலும் துடைப்பமும் காய்ந்த ஓலையும் மட்டும் என்று பேசி முடிவாயிற்று. நெருப்பு மூட்டும் பொறுப்பை மாமியிடமே கொடுத்தோம். அதற்கப்புறம் டயரோடு யாராவது வந்தால் விரட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்! மெத்தை, தலையணை எல்லாம் இரண்டு நாள் முன்பே குப்பை வண்டியில் ஏறிப் போயின.

பெரிய தலைவலி விடலைப் பையன்கள்தான். அவர்களுக்கு டயரை எரித்து உருட்டினால்தான் போகி. சொல்லிப் பார்த்தோம், சிரித்தார்கள். டயர் எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தபோதுதான் வழி கிடைத்தது. மெயின் ரோட்டுப் பஞ்சர் கடை! கடைக்கார அண்ணனிடம் போய், "இந்த வாரம் மட்டும் பழைய டயரைப் பசங்க கையில கொடுக்காதீங்கண்ணே" என்று கேட்டோம். "நீங்க சொன்னா சரிம்மா" என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பையன்கள் போகி மேளத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். காது வலித்தது, பரவாயில்லை.

அன்று எங்கள் தெருவில் புகையே இல்லை என்று சொன்னால் அது பொய். பக்கத்துத் தெருப் புகை சுவரேறி வந்தது. ஆனாலும் மூன்றாவது வீட்டுப் பெண் அந்த வருஷம் செங்கல்பட்டு போகவில்லை. காலை முழுதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மறுநாள் பானையை அவள்தான் வைத்தாள்.

புகையைக் கிளம்பிய பிறகு துரத்துவதைவிட, கிளம்புகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது சுலபம் என்று பஞ்சர் கடையில் தெரிந்துகொண்டேன். பெரிய பெரிய நகரங்களின் கதையைப் படித்தால் அங்கேயும் இதேதான். டில்லியில் 2021-இல் கனாட் பிளேஸில் சுமார் 20 கோடி ரூபாய் செலவழித்து, 24 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் கட்டினார்கள். காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியே விடுமாம். என்ன பிரயோஜனம்? கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் வித்தியாசம், தள்ளிப் போனால் ஒன்றுமில்லை. வீடு முழுக்கக் குப்பையை எரித்துக்கொண்டு வாசலில் ஒரு விசிறியை வைத்த கதை! அதே டில்லியில் 1998-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டு, 2002-க்குள் பஸ்களையெல்லாம் டீசலிலிருந்து சி.என்.ஜி. வாயுவுக்கு மாற்ற வைத்ததே, அது காரியம். வண்டியின் வயிற்றிலேயே கை வைத்தார்கள்.

லண்டன்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். 1952 டிசம்பரில் அங்கே ஐந்து நாள் கவிந்த புகைப்பனியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். நான்காயிரம் பேர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். குளிருக்காக வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்ததுதான் பெரிய காரணம். 1956-இல் சட்டம் வந்தது. புகையில்லாப் பகுதி என்று அறிவித்த இடங்களில் நிலக்கரிப் புகை கூடாது. அதற்காகக் கணப்பு அடுப்பை மாற்ற ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சட்டம் போட்டதோடு நிற்காமல், இல்லத்தரசியின் கையில் பணத்தையும் கொடுத்தார்கள் பாருங்கள், அது கெட்டிக்காரத்தனம்.

நம் தாம்பரம் மட்டும் இளைத்ததா? 1931-லேயே கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. கரி எஞ்சின் காலத்தில், சுமார் 29 கிலோமீட்டர் தூரம் கரிப்புகை இல்லாத ரயில்! புகைக்காக அதை விடவில்லை, ஜனங்கள் சீக்கிரம் போய்வரத்தான் விட்டார்கள். ஆனால் பலன் பலன்தானே? இத்தனை வருஷமாக எத்தனை லட்சம் பேர் தனித்தனியாக வண்டி எடுக்காமல் அதில் போய் வருகிறோம்! 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று வந்த ஏற்பாட்டையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து பாட்டரி பஸ்களும் வந்துவிட்டன. பின்னால் நின்றால் முகத்தில் புகை அடிப்பதில்லை.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு இன்றும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையப் புகையையும் சாம்பலையும் வட சென்னைத் தாய்மார்கள் பல வருஷமாக அனுபவிக்கிறார்கள். நம் தெரு சுத்தமாகி அவர்கள் தெரு கறுத்தால் அது தீர்வாகாது. சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் கரண்ட் எடுப்பது அதிகமானால்தான் மின்சார பஸ் முழுப் புண்ணியம்.

இனி பெருங்குடிக்கு வருவோம். துரைப்பாக்கம், பள்ளிக்கரணை வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, நாள் கணக்கில் புகைந்தது. அதே வருஷம்தான் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலகப் புகழ் பெற்ற ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்பது வேடிக்கை! யாரும் தீக்குச்சி கிழிக்காமலே குப்பைமேடு ஏன் எரிகிறது தெரியுமா? நாம் பிளாஸ்டிக் பையில் முடிந்து போடும் சாதமும் காய்கறித் தோலும் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. கோடை வெயிலில் அது சுலபமாகப் பற்றிக்கொள்ளும். பற்றியது மேலே கிடக்கும் பிளாஸ்டிக்குக்குத் தாவும். ஆக, அந்தத் தீக்குப் பாதி விறகு நம் அடுப்பங்கரையிலிருந்து போனது.

சுமார் 225 ஏக்கரில் கிடந்த அந்தப் பழைய குப்பையை ஏறக்குறைய 350 கோடி ரூபாயில் தோண்டிப் பிரிக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். பயோமைனிங் என்று பெயர். நாம் அரிசி சலிப்பது மாதிரிதான். தோண்டி, உலர்த்தி, பெரிய பெரிய சல்லடையில் சலித்து, மண் தனி, கல் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி. எரியக்கூடிய பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. எல்லாம் சரி, அம்மாடி, 350 கோடி! முதலிலேயே இரண்டு வாளியில் பிரித்துப் போட்டிருந்தால் எவ்வளவு மிச்சம்?

இந்தூர் நகரத்துப் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று வீட்டிலேயே பிரித்தால்தான் வண்டியில் வாங்குவார்கள். அந்த ஈரக் குப்பையை, நாளொன்றுக்கு 550 டன் வரை, 2022 பிப்ரவரியில் திறந்த ஆலையில் மூடிய தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். பெருங்குடியில் தீயாக எரிந்த அதே மீத்தேன் அங்கே சுத்தம் செய்யப்பட்டு டவுன் பஸ்ஸுக்கு எரிபொருளாகிறது. வாழைக்காய்த் தோலில் ஓடும் பஸ்! நம்மிடமும் தெருவில் பாட்டரி வண்டி வருகிறது, பச்சை வாளி, நீல வாளி என்று சொல்லவும் சொல்கிறார்கள். "நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் அங்கே ஒண்ணாக் கொட்டிடறாங்களே" என்பார்கள் சிலர். சில இடங்களில் அது நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் வார்டு கவுன்சிலரிடம் நாலு பேராகப் போய்க் கேட்கலாம். பிரிக்காமல் கொடுத்துவிட்டுக் கேட்க முடியாது.

வீட்டுக்குள்ளே வருவோம். தாம்பரத்தில் கொசுவுக்கா பஞ்சம்! சாயந்தரம் கதவைச் சாத்திவிட்டுக் குழந்தை கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி ஏற்றுகிறோமே, அது ஒன்று எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமமான நுண்துகளை விடுகிறது என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கணவர் வீட்டுக்குள் ஒரு சிகரெட் பற்றவைத்தால் எவ்வளவு சத்தம் போடுவோம்! கைக்குழந்தைக்கு வலைதான் உத்தமம். ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டால் காற்றும் வரும். சாம்பிராணி போடுகிற நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளித்த குழந்தையின் தலையைப் புகை காட்டி உலர்த்துவதைவிட, துண்டால் துவட்டுவது மேல்.

ஸ்கூல் வாசலையும் சொல்லாமல் விட முடியவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் பல பள்ளிக்கூடத் தெருக்களில், பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் கார்களை உள்ளே விடுவதில்லை. நம் ஊர் நெரிசலில் தெருவை மூடுவது லேசில்லை. ஆனால் வேன்காரரும் நாமும் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரம் எஞ்சினை அணைத்து வைக்கலாமே? வண்டியின் புகைக்குழாயும் யு.கே.ஜி. பிள்ளையின் மூக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். பெற்றோர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

இழுப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், டாக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பண்டிகை நாளில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். 'சமீர்' என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலி ஒன்று இருக்கிறது, செல்போனில் இலவசம். ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று நமக்குப் பக்கத்து நிலையங்களின் கணக்கு அதில் வரும். எண் 100-க்குள் இருந்தால் பிள்ளையைத் தெருவில் விளையாட விடலாம். 200-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள்ளேயே தாயம் ஆடட்டும்.