உங்களுக்குத் தெரியுமா? அணைந்த கணினிக்குள் உறங்காத காவலாளி

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினியின் உச்ச வேகம் விநாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். பல சேர்வர்களை ஒன்றாகக் கோத்த இத்தகைய கொத்துகளில் ஒரு சேர்வர் படுத்துவிட்டால், யார் போய் எழுப்புவது?

அதற்கென்றே பல சேர்வர்களின் தாய்ப்பலகையில் பிஎம்சி என்ற குட்டிக் கணினி இருக்கிறது. சேர்வர் அணைந்திருந்தாலும், மின்வயர் செருகியிருக்கும்வரை இது விழித்திருக்கும். வெப்பம், மின்விசிறி வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் கவனிக்கும். ஹெந்தளையில் வீட்டிலிருக்கும் பொறியியலாளர் கொழும்புக் கோட்டையிலுள்ள சேர்வரை நள்ளிரவில் அணைத்து மீண்டும் இயக்குவதும் இதன் தயவால்தான்.

இதனோடு பேசும் ஐபிஎம்ஐ மொழியை 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகியவை வகுத்தன.

சரி, எந்த சேர்வரில் பிஎம்சி உண்டு என்று கண்டுபிடிப்பது எப்படி? வழிகள் இரண்டு. உள்ளிருந்து பார்ப்பதானால், பயோஸ் தரும் வன்பொருள் அட்டவணையில் 38ஆம் வகைப் பதிவைத் தேடவேண்டும். லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ என்ற கட்டளை அதைக் காட்டிவிடும். வெளியிலிருந்தென்றால், வலையமைப்பில் யூடிபி 623ஆம் துறையைத் தட்டி, “இருக்கிறாயா?” என்று கேட்கவேண்டும். பிஎம்சி இருந்து, வலைவழி அணுகலும் திறந்திருந்தால் பதில் வரும்.

திருடனும் அதே கதவைத் தட்டலாம். ஆகவே பிஎம்சிகளைப் பொது இணையத்தில் விடாமல், தனி வலையமைப்பில் பூட்டி வைக்கிறார்கள்.