வானொலியும் அயன்மண்டலமும்



எமது ஊரில் மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். லண்டனிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ்ச் செய்தி சில இரவுகளில் தெளிவாகக் கேட்டது; சில இரவுகளில் எமது ஊரின் பெயரைச் சொல்லும் வேளையிலேயே நடுங்கி மறைந்தது. நாம் வானொலிப் பெட்டியைக் குறை கூறினோம். பெரும்பாலும் காரணம் தலைக்கு மேலே இருந்தது.

ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு மேலே, சூரியனின் கதிர்கள் வளித் துணிக்கைகளிலிருந்து இலத்திரன்களைப் பிரிக்கின்றன. இதுவே அயன்மண்டலம். சிற்றலையைப் பூமிக்குத் திருப்பிக் கடல் கடக்கச் செய்வது இதுவே. 1924 டிசெம்பரில் அப்பிள்டனும் பார்னெற்றும் போர்ன்மவுத் வானொலியின் அலைகளை ஒக்ஸ்போர்ட்டில் ஆராய்ந்து இதனை நிறுவினர். அப்பிள்டன் 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

இதனை அளக்கும் முறை எளிது. அயனோசோண்டு என்னும் கருவி, மீடிறனைப் படிப்படியாக உயர்த்தி, வானொலித் துடிப்புகளை மேல்நோக்கி அனுப்பும். திரும்பும் எதிரொலிகளைப் பதியும். ஓர் எல்லைக்கு மேல் எதிரொலி வராது. அலை விண்வெளிக்குச் சென்றுவிடும். அவ்வெல்லை 9 மெகாஹேட்ஸ் எனின், அங்கே ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறக்குறைய 10 இலட்சம் இலத்திரன்கள் உள. எல்லை பாதியானால் எண்ணிக்கை காற்பங்காகும்.

எல்லா இடத்திலும் கருவி வைத்தல் இயலாது. ஆதலால் பல்லாண்டு அவதானங்களைத் தொகுத்து, 'சர்வதேச நியம அயன்மண்டலம்' என்னும் மாதிரியை அறிஞர் ஆக்கினர். இடம், மாதம், நேரம், சூரியனின் செயற்பாடு ஆகியவற்றைக் கொடுத்தால், அது மாதச் சராசரியைக் கூறும்.

ஆயினும் சராசரி ஒவ்வொரு நாளையும் அறியாது. 2024 மே 10, 11ஆம் நாள்களில் வீசியது போன்ற காந்தப் புயலின்போது, கருவி கண்டது மாதிரியின் கணிப்பிலிருந்து வெகுவாக விலகும். மேலும், யாழ்ப்பாணமும் தென் தமிழகமும் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளன. அங்கே சூரியன் மறைந்தபின், சில இரவுகளில், இலத்திரன் குறைந்த குமிழிகள் மேலெழும். அவ்வேளை அயனோசோண்டின் எதிரொலிக் கோடு சிதறிப் பரவும். வானொலிக் குரல் நடுங்கும். எந்த இரவில் அவ்வாறு நிகழும் என்பதைச் சராசரி உரைப்பதில்லை.

அவ்வாறாயின் மாதிரி பயனற்றதா? அன்று. கணிப்பு இருந்தமையாலேயே விலகலைக் கண்டோம். விலகலை ஆராய்ந்தே மாதிரியைத் திருத்துகின்றனர்.

பெற்றோரே, புத்தகம் சொல்வது ஒன்று, தான் கண்டது வேறு எனப் பிள்ளை வந்து கூறினால் அதட்டாதீர்கள். நாளும் நேரமும் குறித்து எழுதச் சொல்லுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகின்றது.