மேலூர்க் கிராமங்களுக்கு வந்த ஹார்வர்டு

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். நூறு ஆண்டு கழித்து, அதே மதுரையை அடுத்த மேலூர் வட்டாரத்துக்கு இன்னொரு கல்வி முயற்சி வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் கைகோத்த ‘சாரி’ திட்டம் அது.

ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘கார்டெக்ட்’ கம்பியில்லாத் தொழில்நுட்பம் வழியாகக் கிராமங்களுக்கு இணையம் போனது. ஊருக்கு ஒரு கணினி மையம். அதை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களில் பெண்களும் உண்டு. கண்ணில் கோளாறு என்று வந்தவரை வெப் கேமரா முன் உட்காரவைத்துப் படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நேரில் வரவேண்டுமா என்பதை மருத்துவர் அங்கிருந்தே சொன்னார். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. பிள்ளைகள் கணினி பழகினார்கள்.

நீடிக்கவில்லை.

அக்கறையுள்ள அதிகாரிகள் மாறிப்போனதும் அரசு சேவைகள் தேய்ந்தன; பல மையங்கள் மூடப்பட்டன. அதிகம் வந்துபோனவர்கள் படித்த இளைஞர்கள்தான் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைதான் இத்திட்டம் விட்டுச்சென்ற பெரிய சொத்து.

அந்த மையங்கள் மூடினாலும் தேவை தீரவில்லை. இன்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி மானாவாரிச் சம்சாரி பயிர்க் காப்பீட்டுக்கு இ-சேவை மையம் போகிறார். ஓ.டி.பி. வந்தால் போனையே எதிரில் இருப்பவரிடம் நீட்டிவிடுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அந்த எண் எதற்கு, அதை யாரிடம் சொல்லக்கூடாது என்பதை அவர்களுக்குப் புரியவைப்பதே பல்கலைக்கழகங்கள் அடுத்துச் சேர்ந்து எழுதவேண்டிய முதல் பாடம்.