ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்' என்று இருந்தால்

கருப்பை வாயில் சதை எடுத்துப் பரிசோதித்த சகோதரிகளின் ரிப்போர்ட்டில் சில சமயம் "பி16 பாசிட்டிவ்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் வீட்டில் இரண்டு பயம் வருகிறது. இது புற்றுநோயா என்பது ஒன்று. இந்தக் கிருமி யாரால் வந்தது என்பது இன்னொன்று. இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்த இரண்டாவது பயத்தால் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. இதை நிலைநாட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் இந்த வைரஸ் வந்து, ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் தங்கி, பத்து இருபது ஆண்டு கழித்துக் கோளாறு செய்யும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகிக்க இந்த ரிப்போர்ட்டில் இடமே இல்லை.

இனி லேபில் நடப்பதைப் பார்ப்போம். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். அதன்மேல் ஆன்டிபாடி என்ற புரதத்தை விடுவார்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, அது தனக்குரிய புரதத்தில் மட்டும் போய் ஒட்டும். பிறகு சாயம் விட்டால், ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும். எல்லாம் கண்ணாடியின் மேல் நடப்பது. உடம்பில் எதையும் செலுத்துவதில்லை.

வைரஸின் புரதத்தையே நேராகத் தேடக் கூடாதா? தேடலாம். ஆனால் வைரஸின் மேலுறையான எல்1 புரதம், புது வைரஸ் உருவாகும்போது மட்டும் தயாராவது. செல் புற்றுநோய்ப் பக்கம் திரும்பத் திரும்ப எல்1 குறைந்து நின்றுவிடும். அதாவது ஆபத்து கூடும்போதுதான் அந்த அடையாளம் மறைகிறது. கேட்டை உண்டாக்கும் இ6, இ7 புரதங்கள் கடைசிவரை இருக்கும்; ஆனால் அவற்றின் அளவு மிகக் கொஞ்சம், சாயத்தில் பிடிபடுவது கடினம். அதனால் அவை விட்டுச்செல்லும் தடத்தைத் தேடுகிறார்கள். அந்தத் தடம்தான் பி16. அது வைரஸுடையது அல்ல, நம் செல்லின் சொந்தப் புரதம்.

மரக்காணம் உப்பளத்தில் மடை உடைந்தால், காவல்காரர் மண்ணை அள்ளி அள்ளிப் போடுவார். மடையே இல்லாததால் தண்ணீர் நிற்காது. மண் குவியல்தான் வளரும். செல் பெருகாமல் தடுக்கும் மடையை இ7 உடைத்துவிடுகிறது. செல் பி16ஐக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. லேபில் பழுப்பாகத் தெரிவது அந்தக் குவியல்.

ஆகவே பி16 பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுக்கின் அடியிலிருந்து தொடர்ச்சியாக, அழுத்தமாகப் பழுப்பு இருந்தால்தான் அது பாசிட்டிவ். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கணக்கில் வராது. காத்திருந்து பார்க்கலாமா, இப்போதே அகற்ற வேண்டுமா என்று டாக்டர் தடுமாறும் நடுநிலை மாற்றங்களில்தான் இந்தச் சோதனை அதிகம் உதவும். சினைக்கும் முன்பே களை பறிப்பதுபோல, புற்றாக மாறுவதற்கு முன் அந்தப் பகுதியை மட்டும் அகற்றிவிட முடியும். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு வர முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டுமே! திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்த ஆய்வின் முடிவு 2007ல் வெளியானது. அந்தப் பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அதே எளிய பரிசோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பார்ப்பவர் பெண் நர்ஸ்தானா என்று கேட்டுவிட்டுப் போகலாம்; கேட்பதில் தவறில்லை.

பெண் பிள்ளைகளுக்கான தடுப்பூசியில் இருப்பது மேலே சொன்ன அதே எல்1 உறை மட்டும்; உள்ளே வைரஸ் கிடையாது. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை அது விரட்டாது. அதனால்தான் சிறு வயதிலேயே போடச் சொல்கிறார்கள். 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போட 2025 மாநில பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று. ஜிப்மருக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகும்போது காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். முதலில் பார்த்த லேபில் அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை இருந்தால், பெரும்பாலும் மறுபடி சதை எடுக்காமலே சோதித்துப் பார்த்துவிடுவார்கள்.