முதுகில் போடும் ஊசி: என்ன செய்யும், என்ன செய்யாது?

முதுகில் ஊசி என்றதும் கால் விளங்காமல் போய்விடுமோ என்று பயந்து, வருடக்கணக்கில் வலி மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் ஒரு சாரார். ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் கைக்காசைக் கரைக்கிறவர்கள் மறு சாரார். அந்த ஊசி எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இருவருக்குமே நல்லது.

வலி பிறக்கும் இடம்

கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே டிஸ்க் என்கிற வட்டு. பின்பக்கம் இடமும் வலமுமாக ஃபேசட் என்னும் இரண்டு சிறு மூட்டுகள். வட்டுக்குள் இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் அந்த இடம் வீங்குகிறது. வலி பிட்டத்திலிருந்து கால்வரை சுரீரென்று இறங்குகிறது. இதுதான் சயாட்டிகா. ஃபேசட் மூட்டில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் இடுப்போடு நின்றுவிடும். இந்த இரண்டு வலிகளுக்கும் ஊசி போகும் இடம் வேறு வேறு.

காலில் இறங்கும் வலிக்கு

1901-ல் பாரிஸில் சிக்கார், கத்லான் என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவரை ஒருவர் சாராமல், முதுகெலும்பின் அடியில் உள்ள சிறு திறப்பு வழியாகக் கோகெயினைச் செலுத்தினார்கள். அன்று வலியை மரத்துப்போகச் செய்யக் கிடைத்த மருந்து அது. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு 1950-களில் வந்து சேர்ந்தது. இன்று எபிடூரல் ஊசி என்று சொல்வது இந்த வழியில் வளர்ந்ததுதான்.

நோயாளி குப்புறப் படுக்கிறார். வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை. முதுகைச் சுத்தம் செய்து, முதலில் தோலை மரத்துப்போக வைக்கிறார்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடியே மருத்துவர் ஊசியை மெல்ல உள்ளே நகர்த்துகிறார். தண்டுவடக் கால்வாயின் பின்புறம் மஞ்சள் நிறத்தில் உறுதியான ஒரு தசைநார் இருக்கிறது. ஊசிமுனை அதற்குள் இருக்கும்வரை சிரிஞ்சை அழுத்தினால் எளிதில் இறங்காது. அதைத் தாண்டிய நொடியில் விரலுக்கு அடியில் சட்டென்று இளகிக் கொடுக்கும். எபிடூரல் இடைவெளிக்கு வந்தாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் கொஞ்சம் போகிறது. அது நரம்பு வேரை ஒட்டிப் பரவினால் சரி. ரத்தக் குழாய்க்குள் ஓடி மறைந்தால் ஊசியை இடம் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்டீராய்டு. பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பிவிடுவார்கள்.

பிதுங்கிய வட்டை இந்த ஊசி உள்ளே தள்ளாது. நரம்பைச் சுற்றிய வீக்கத்தைச் சில வாரங்களுக்குத் தணிக்கும், அவ்வளவுதான். ஆனால் பிதுக்கம் பலருக்கு மாதங்கள் போகப்போகத் தானாகவே சுருங்குகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க ஊசி கைகொடுக்கிறது.

இடுப்போடு நிற்கும் வலிக்கு

ஃபேசட் மூட்டிலிருந்து வலியை எடுத்துச் செல்பவை மெல்லிய நரம்புக் கிளைகள். முதலில் அவற்றின் மீது மரத்துப்போகும் மருந்தை மட்டும் சில சொட்டு விடுகிறார்கள். இது ஒரு பரிசோதனை. மருந்து வேலை செய்யும் சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால், கோளாறு அந்த மூட்டில்தான் என்று ஊகிக்கலாம். சந்தேகம் தீர இன்னொரு நாளும் செய்து பார்ப்பது உண்டு. உறுதியானால், ரேடியோ அலை ஊசியின் முனையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒன்று ஒன்றரை நிமிடத்தில் அந்தக் கிளையைச் செயலிழக்கச் செய்கிறார்கள். நரம்பு திரும்ப வளரும் என்பதால், பலன் கிடைத்தாலும் அது மாதக்கணக்கில்தான்.

ஆய்வுகள் சொல்வது

முதுகுக் கால்வாய் குறுகிப்போன 400 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்கள், ஆறு வாரம் கழித்து, ஸ்டீராய்டு பெறாதவர்களைவிட அதிகம் தேறிவிடவில்லை. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல், வெறும் இடுப்பு வலிக்கு முதுகில் மருந்து செலுத்த வேண்டாம் என்றது. புதிதாக வந்த கடும் சயாட்டிகாவுக்கு எபிடூரலையும், பரிசோதனையில் தேறியவர்களுக்கு ரேடியோ அலையையும் பரிசீலிக்கலாம் என்றது. 2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: நாள்பட்ட வலிக்கு இவை எதுவுமே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆகவே, யாருக்கும் பொதுவாக "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடக்கூடிய சிகிச்சை இல்லை இது.

ஆபத்தும் எச்சரிக்கையும்

சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டால் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எபிடூரல் ஸ்டீராய்டால் பக்கவாதம், பார்வை இழப்பு போன்றவை மிக அரிதாக நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. இன்னொன்று: சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்துகொண்டே வந்தாலோ ஊசியைப் பற்றி யோசிக்கவே கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஊசிக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் வலி எங்கிருந்து வருகிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? திரையில் பார்த்துக்கொண்டுதான் போடுவீர்களா? வலி குறையும் நாட்களில் நான் என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் ஊசியைத் தள்ளிப் போடுங்கள். வலி அடங்கியிருக்கும் அந்தச் சில வாரங்களில் நடந்து, குனிந்து, முதுகுத் தசைகளைப் பலப்படுத்திக்கொள்ள முடிந்தால்தான் ஊசிக்குச் செலவழித்த பணத்துக்கு அர்த்தம் உண்டு.