தப்புவதற்கும் விலை உண்டு

1984 ஏப்ரலில், எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸ் கண்டறியப்பட்டதை அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்ளர் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்றும் நம்பிக்கை தெரிவித்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் தடுப்பூசி வரவில்லை. ஆய்வாளர்கள் துரத்தத் துரத்த, எச்.ஐ.வி. மாறிக்கொண்டே இருக்கிறது.

அதன் மரபுத் தகவல் மொத்தமே சுமார் 9,700 எழுத்துகள்தான். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் தினமும் ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ்கள் பிறக்கின்றன. அவற்றில் எழுத்து பிறழ்ந்தவை ஏராளம். பல பிறழ்வுகள் வைரஸையே முடக்கிவிடும். ஆனால், நோய் எதிர்ப்பு மண்டலம் எந்த இடத்தை வைத்து வைரஸை அடையாளம் காண்கிறதோ, அந்த இடம் மாறிய நகல் பிழைத்துப் பெருகும். அதற்கேற்ற ஆன்டிபாடி உருவாவதற்குள் வைரஸின் மேலுறைப் புரதம் இன்னொரு முறை மாறியிருக்கும்.

ஆனாலும் ஒவ்வொரு தப்பித்தலுக்கும் வைரஸ் விலை கொடுக்கிறது. ‘எச்.எல்.ஏ - பி57’ என்ற மரபணு வகை உள்ளவர்களிடம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வைரஸின் உட்கூட்டுப் புரதத்தைக் குறிவைக்கின்றன. அதில் கைவைத்துத் தப்பும் வைரஸ், பெருகும் வேகத்தை இழக்கிறது. பி57 இல்லாத ஒருவருக்குத் தொற்றியதும், அந்த மாற்றங்களில் சில பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகின்றன. போட்ஸ்வானாவையும் தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு இதைச் சமூக அளவில் காட்டியது. போட்ஸ்வானாவில் பி57 தந்த பாதுகாப்பை வைரஸ் முறியடித்திருந்தது. கூடவே அதன் பெருகும் திறனும் குறைந்திருந்தது.

மருந்துகளுக்கும் இதே கணக்குதான். 1987இல் வந்த ஏ.இசட்.டி.யைத் தனியாகக் கொடுத்தபோது வைரஸ் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றது. 1996இல் பரவலான மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சை ஆட்டத்தை மாற்றியது. மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பப் பல பிறழ்வுகள் ஒரே நகலில் சேர வேண்டும். அது மிக அரிது. அதற்கும் மேலாக, பெருக முடியாத வைரஸால் மாறவும் முடியாது.

சில செல்களுக்குள் வைரஸ் உறங்கிக் கிடப்பதால், மருந்தை நிறுத்தினால் மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், குறைந்த மருந்தளவில் பெருகி எதிர்ப்புத்திறனும் பெறும். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸைக் குறைத்து வைத்திருப்பவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவாது. இந்தியாவில் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இந்த மருந்துகள் இலவசம். அங்கு செல்லத் தயங்க வைக்கும் அவப்பெயரை ஒழிக்க வேண்டியது நம் எல்லோருடைய பொறுப்பு.