கோல்டு கார்டு இருந்தும் லவுஞ்ச் கதவு திறக்காதது ஏன்?

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் வருடம் முழுக்கப் பறந்து பறந்து கோல்டு தகுதி வாங்கிய ஒருவர், சிகாகோவிலிருந்து டென்வர் போகிறார். அதே விமானத்தில் நம் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் கோல்டு உறுப்பினர் ஒருவரும் போகிறார். இருவரிடமும் இருப்பது சாதாரண எகானமி டிக்கெட். சிகாகோ விமான நிலையத்தில் உள்ள யுனைடெட் கிளப் லவுஞ்சுக்குள் யாரை விடுவார்கள்?

நம் ஆளைத்தான். யுனைடெட்டுக்கே காசைக் கொட்டிய அமெரிக்கர், வெளியே கேட் பக்கத்தில் பிளக் பாயின்ட் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கவுன்ட்டரில் இருப்பவர் ஆள் பார்த்து இப்படிச் செய்வதில்லை. விதியே அப்படித்தான். 1997-ல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் யுனைடெட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா போன்றவை இருக்கின்றன. 2014 ஜூலையில் ஏர் இந்தியாவும் சேர்ந்தது. ஓர் உறுப்பு நிறுவனத்தில் கோல்டு வாங்கினால் மற்ற நிறுவனங்களின் லவுஞ்சும் திறக்கும் என்பது பொது ஒப்பந்தம். அதில் யுனைடெட் ஒரு விலக்கு வைத்துக்கொண்டது: தன் சொந்த கோல்டு உறுப்பினர்கள் உள்நாட்டில் மட்டும் பறந்தால் லவுஞ்ச் கிடையாது. காரணம் எளிது. யுனைடெட் கிளப் உறுப்பினர் சந்தாவைத் தனியாக விற்கிறார்கள்; 2025-ல் அது வருடத்துக்கு 750 டாலர். கோல்டு வைத்திருக்கிற அமெரிக்கரை எல்லாம் சும்மா உள்ளே விட்டால் சந்தாவை யார் வாங்குவார்கள்?

ஒன்வேர்ல்டு கூட்டணியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் செய்வதும் இதே வேலை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் கோல்டு உறுப்பினர் டல்லஸிலிருந்து நியூயார்க் போனால் அமெரிக்கனின் அட்மிரல்ஸ் கிளப்பில் உட்காரலாம். அமெரிக்கனின் சொந்த உறுப்பினருக்கு, அதற்கு இணையான தகுதி இருந்தாலும், அனுமதி இல்லை. இதைப் புரிந்துகொண்ட கில்லாடிகள் சிலர், யுனைடெட்டில் பறந்துவிட்டு மைல்களைக் கிரேக்க நாட்டின் ஏஜியன் ஏர்லைன்ஸ் கணக்கில் போட்டு, அங்கே கோல்டு வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போகாமலே வெளிநாட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

அடிக்கடி பறப்பவருக்கு நன்றிக்கடனாக லவுஞ்ச் தருகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த விதிகள் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஒவ்வொரு நுழைவுக்கும் பின்னால் ஒரு பில் இருக்கிறது, அதை யாரோ கட்டுகிறார்கள் என்று பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

ஆரம்பத்தில் இந்தக் கணக்கு வழக்கே கிடையாது. 1939-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்மிரல்ஸ் கிளப்பைத் திறந்தபோது, நிறுவனம் யாரை அழைக்கிறதோ அவர்தான் உறுப்பினர். வி.ஐ.பி.க்களுக்கான அறை அது. அழைப்பில் பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற புகார்கள் பின்னாளில் எழுந்தன. அப்புறம்தான் பணம் கட்டினால் யாரும் சேரலாம் என்று ஆனது.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கோல்டு வைத்திருப்பவர், திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் போகிறார். ஸ்கூட்டும் அதே குழுமம்தானே என்று கார்டை நீட்டினால், ஸ்டார் கோல்டு சலுகை அங்கே செல்லாது. ஸ்கூட் அந்தக் கூட்டணியில் இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அப்படித்தான். தாய் நிறுவனம் உறுப்பினர் என்பதால் பிள்ளைக்கு எதுவும் வந்துவிடாது. டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் எண் இருக்கிறது என்பதும் போதாது. ஸ்டார் அலையன்ஸ் பார்ப்பது விமானத்தை யார் இயக்குகிறார்கள் என்பதை. ஒன்வேர்ல்டு இன்னும் கறார்: டிக்கெட்டில் உள்ள விமான எண்ணும் விமானத்தை இயக்கும் நிறுவனமும் இரண்டுமே அந்தக் கூட்டணியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

கவுன்ட்டரில் உண்மையில் பார்க்கப்படுவது உங்கள் போர்டிங் பாஸ். அதில் பெயருக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறியும் அதையொட்டி 'ஜி' என்ற ஆங்கில எழுத்தும் அச்சாகியிருந்தால் வேலை முடிந்தது. டிக்கெட் போடும்போது உறுப்பினர் எண்ணைச் சேர்க்க மறந்திருந்தால் அந்தக் குறி வராது. விமானம் அன்றே கிளம்ப வேண்டும். அதிகபட்சம் மறுநாள் விடியற்காலை 5 மணி வரை. இறங்கி வந்த பிறகு லவுஞ்சில் குளித்துவிட்டுப் போகலாம் என்ற கதையும் பலிக்காது. ஸ்டார் கோல்டு புறப்பாட்டுக்கு மட்டும்தான்.

துணைக்கு ஒரே ஒருவர். அவரும் அன்று ஸ்டார் விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிற கோல்டு கணவர் வாசலில் திருதிருவென்று விழிப்பது இதனால்தான். இதில் இன்னொரு வேடிக்கை: எகானமியில் போகும் கோல்டு உறுப்பினர் ஒருவரை அழைத்துப் போகலாம், பெருந்தொகை கொடுத்து பிசினஸ் கிளாஸில் போகிறவருக்கு, கோல்டு இல்லையென்றால், அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சீனக் கதை. சியான் விமான நிலையத்தில் ஒருவர் ஒரே முதல் வகுப்பு டிக்கெட்டை 300 தடவைக்கு மேல் தேதி மாற்றி மாற்றி, வருடம் முழுக்க வி.ஐ.பி. லவுஞ்சில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டார் என்று 2014-ல் செய்தி வந்தது. கடைசியில் அந்த டிக்கெட்டை ரத்து செய்து பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.

நம் நாட்டில் லவுஞ்ச் வாசல் வரிசையில் நிற்பவர்களில் பலரைக் கொண்டுவந்தது கிரெடிட் கார்டு. மெஷினில் தேய்க்கும்போது 2 ரூபாய் போகிறது, வயிறு நிறையச் சாப்பிட்டு வருகிறோம். மீதிப் பணத்தை வங்கி கட்டுகிறது. கூட்டம் பெருகப் பெருக வங்கிக்கு வலித்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்று 2024 ஏப்ரலில் வைத்தது. அதே வருடம் நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. மற்ற வங்கிகளும் தங்கள் பங்குக்கு வரம்பு வைத்தன. வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவே நின்று கணக்குப் பார்த்துவந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திவிட்டது.

அமெரிக்காவிலும் இதே நெரிசல்தான். டெல்டா ஏர்லைன்ஸ் 2023-ல் கார்டுக்காரர்களின் நுழைவைக் கடுமையாக வெட்டப்போவதாக அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்ததும் கொஞ்சம் இறங்கி வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து அமெக்ஸ் பிளாட்டினம் கார்டுக்கு வருடத்துக்கு 10 வருகை. அளவில்லாமல் வர வேண்டுமென்றால் அந்தக் கார்டில் வருடத்துக்கு 75,000 டாலர் செலவழிக்க வேண்டும்.

வரம்பு வைக்கட்டும், அது அவர்கள் பணம். ஆனால் விதியைப் பத்தாவது பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளித்துவிட்டு, கார்டு விற்கும்போது மட்டும் 'இலவச லவுஞ்ச்' என்று கொட்டை எழுத்தில் போடுவது நியாயமில்லை. இந்தக் காலாண்டில் தகுதி உண்டா, இல்லையா என்பதை வங்கி ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிடலாம். அதுவரை, விமான நிலையம் கிளம்பும் முன் வங்கியின் ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லவுஞ்சுக்காக மட்டும் காலாண்டுக்கு 75,000 ரூபாய் தேய்க்காதீர்கள். அந்த இட்லியும் உப்புமாவும் அவ்வளவு பெறாது.